கதவுக்குப் பின்னால் இருந்த பலகை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணன் தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம். மூன்று தெரு தள்ளி இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்காதே. எழுதத் தெரிந்துவிட்டது, எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உன் வீட்டுக்காரர் நலத்தை மட்டும் விசாரிக்கப் போவதில்லை. மாப்பிள்ளை நலமாகத்தான் இருக்கிறார், வியாழக்கிழமை என் கண்ணாலேயே பார்த்தேன். அதைச் சொல்லத்தான் நான்கு நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடற்கரைக் கோட்டையில் முப்பது வருஷம் காவலாளியாக இருந்தவன் நான். கடல் பக்கச் சுவரோடு ஒட்டிய அந்தக் குட்டி அறை உனக்குத் தெரியும். ஒரு தளபதி ஏழு பேரோடு அதற்குள் நாற்பது நாள் இருந்து மூன்று கப்பல்களை விரட்டினார் என்று அங்கே நின்று கதை சொன்னவன் யார்? நான்தான். எனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதே. வந்தவர்கள் கேட்டார்கள், சொன்னேன். நான் ஓய்வு பெற்ற மறு வருஷம் மாப்பிள்ளை வழிகாட்டியாகச் சேர்ந்தார். தலையில் தொப்பி, கழுத்தில் அட்டை, கையில் மைக். எனக்கு ஒரு விசில்தான் கொடுத்திருந்தார்கள்.

நூலகத்து முதியோர் வகுப்பில் வாசிக்கக் கற்றதும் நேரே கோட்டைக்குத்தான் போனேன். வாழ்நாளில் முதல்முறையாக டிக்கெட் வாங்கி, ஒவ்வொரு பலகையாக விரல் வைத்து வாசித்தேன். என்ன சுகம் தெரியுமா தங்கச்சி, முப்பது வருஷம் நான் துடைத்த பலகைகள் ஒவ்வொன்றாக வாயைத் திறக்கின்றன. கப்பல் வியாபாரிகள் சரக்கு வைக்கக் கட்டினார்களாம், பிறகு சிறையாம், அப்புறம் உப்புக் கிடங்காம். பீரங்கி விருந்தாளிகளுக்கு மரியாதை செய்ய மட்டும்தான் வெடித்ததாம். பின்னால் நின்ற ஒருவர், "பெரியவரே, கொஞ்சம் நகருங்க, நாங்களும் படிக்கணும்" என்றார். "இருங்க தம்பி, நான் அறுபத்தெட்டு வருஷமா காத்திருந்தேன்" என்றேன்.

அந்த அறைக்கு வந்தால் மாப்பிள்ளை நிற்கிறார், சுற்றிலும் பெரிய கூட்டம். "இதே இடத்துலதான் அந்தத் தளபதி எழுபது நாள் உக்காந்திருந்தார்" என்கிறார். என் நாற்பதை எழுபதாக்கிவிட்டார். ஒரு அம்மா கண்ணைத் துடைக்கிறாள். நான் சொன்ன காலத்தில் கொட்டாவி விட்டுத்தான் கண் கலங்கினார்கள். பார்க்கப் பிடிக்காமல் கதவை இழுத்து அதன் பின்னால் ஒதுங்கினேன். அங்கே சுவரில் ஒரு பலகை. தினமும் காலையில் அந்தக் கதவைச் சுவரோடு ஒட்டத் தள்ளி வைத்தவன் நானே, அதனால் ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை. விரல் வைத்தேன்.

"கோட்டை வீரர்களின் கழிப்பறை. துளை நேரே கடலில் திறக்கும்."

"என்ன தாத்தா, அங்க என்ன போட்டிருக்கு?" என்றாள் அந்த அம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாப்பிள்ளையின் தொப்பி பறந்திருக்கும். ஆனால் என் முப்பது வருஷமும் அதே துளை வழியாகப் போயிருக்கும். "இன்னும் எழுத்துக் கூட்டிக்கிட்டிருக்கேன்மா" என்று சொல்லிக் கதவைப் பழையபடி தள்ளினேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். மச்சான் சொன்ன கதை என்று மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. ஆகவே, பலகையைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. "கதை எங்க அண்ணனோடது, அவரைச் சொல்லிட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் சொல். மறுத்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கதவைச் சாத்திப் பலகையைச் சத்தமாக வாசிப்பேன். மெதுவாகத்தான் வாசிப்பேன், ஆனால் முடித்துவிடுவேன்.

உன் முழங்கால் வலி ஒவ்வொரு படியாக இறங்கிப் போகட்டும். பிள்ளைகள் உன்னைவிட உயரமாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(கையெழுத்து. கைநாட்டு அல்ல.)

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டும்போதுதான் நினைவு வந்தது, உனக்கு வாசிக்கத் தெரியாது. உனக்கு வரும் கடிதங்களை வாசித்துக் காட்டுவது மாப்பிள்ளைதான். நான்கு நாள் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. ஆகவே மாப்பிள்ளை, நலம் விசாரித்ததையும் முழங்காலையும் மட்டும் தங்கச்சிக்கு வாசியுங்கள். அந்தக் கதவுக்கு ஒரு கொக்கி வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், சுவரோடு சேர்த்து மாட்டிவிடுவோம். நாற்பது நாள் என்றே சொல்லுங்கள். எழுபது நாள் அந்த அறையில் யாராலும் உட்கார முடியாது.