எலுமிச்சை ஜூஸுக்கு ஒரு திறப்பு விழா

எலுமிச்சம்பழம் வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று ஹுணசிமரத் சொன்னபோது, பழம் மூன்றடி தூரத்தில் குவிந்து கிடந்தது. குவியலுக்குப் பின்னால் எல்லவ்வா உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

“சந்தையில எலுமிச்சம்பழத்துக்கு யாராவது கொட்டேஷன் வாங்குவாங்களா சார்?” என்றார் அங்கடி.

“வாங்கறதில்ல. அதான் அவங்க யாரும் ஆடிட்ல பாஸாகறதில்ல” என்றார் ஹுணசிமரத். அவர் புள்ளியியல் பேராசிரியர். சட்டை வாங்கக்கூட மூன்று கடை ஏறி, விலைகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டு, கடைசியில் பழைய சட்டையோடு வீடு திரும்புகிறவர்.

அங்கடி மணியைப் பார்த்தார். பத்தேகால். நாலு மணிக்குள் ஒரு வியாபாரத்தை நடத்திக் காட்டியாக வேண்டும்.

‘பல்கலைக்கழகங்களில் தொழில்முனைவுக் கல்விக்கான தலைமைப் பண்பு வளர்ப்புப் பயிற்சி முகாம்’ என்று அதற்குப் பெயர். முழுப் பெயரும் ஒரு சுவரில் அடங்காமல், பேனர் மூலை திரும்பிப் பக்கத்துச் சுவருக்கும் போயிருந்தது. மங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் லலிதா ஷெணை, மூன்று நாள் வகுப்பெடுத்துவிட்டு நாலாம் நாள் குண்டைப் போட்டார். “ஒரு டீகூட வித்துப் பார்க்காதவங்க, பசங்களுக்கு எப்படிங்க வியாபாரம் சொல்லிக் கொடுப்பீங்க? நாளைக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை. ஒரு ரூம்ல உட்கார்றவங்க ஒரு அணி. போய் எதையாவது வித்துட்டு வாங்க.”

நன்றாகச் செய்யும் அணித்தலைவர்தான் புதிதாகத் தொடங்கவிருந்த தொழில்முனைவுக் கல்வி மையத்தின் டைரக்டர். டைரக்டருக்கு மெயின் பில்டிங் மாடியில் அறை உண்டு. அறைக்கு ஜன்னல் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சாத்திக்கொள்ள ஒரு கதவு உண்டு.

அந்தக் கதவுக்காகத்தான் அங்கடி அணித்தலைவராக வந்திருந்தார். பதினோரு வருடங்களாக அவர் பதினேழாம் நம்பர் அறையில் மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தார். ஹுணசிமரத் பேப்பரை டெண்டர் விளம்பரம் உட்பட சத்தமாகப் படிப்பார். சமஸ்கிருத ஜோஷிக்குக் காற்று ஆகாது. ஜன்னலைத் திறக்க விடமாட்டார். சரித்திர நடாஃப், டீ ஆறிவிட்டது என்பதைச் சொல்லக்கூட பீஜப்பூர் சுல்தான்களிலிருந்து ஆரம்பிப்பார். அங்கடியின் மனைவி கிரிஜா தினமும் நாலு சோள ரொட்டி கட்டிக் கொடுப்பாள். டப்பா திறக்கும் சத்தம் கேட்டதும் மூன்று நாற்காலிகள் நகரும். அங்கடிக்குக் கிடைப்பது ஒன்று.

கதவைச் சாத்திக்கொண்டு, நாலு ரொட்டியையும் தானே தின்ன வேண்டும். அவருடைய லட்சியம் அவ்வளவுதான்.

அங்கடி எல்லவ்வாவின் முன்னால் குந்தினார். “அக்கா, ஒரு உதவி. மூணு விலை சொல்லு.”

“பழம் இங்க இருக்கு, நீங்க அங்க இருக்கீங்க. நடுவுல எதுக்கு மாஸ்தரே மூணு விலை?”

“சும்மா சொல்லேன்.”

எல்லவ்வா யோசித்தாள். “சரி. என் விலை ஒண்ணு. என் நாத்தனார் விலை ஒண்ணு. அவ மாமியார் விலை ஒண்ணு. எழுதிக்குங்க. கைநாட்டு மூணையும் நானே வெச்சுடறேன், அவங்க ஊர்ல இல்ல.”

மூன்று தாளிலும் ஒரே கட்டைவிரல் பதிந்தது. ஹுணசிமரத் அட்டவணை போட்டார். எல்லவ்வாவின் விலை சந்தேகப்படும்படி குறைவாக இருப்பதாகச் சொல்லி நிராகரித்துவிட்டு, நாத்தனாரின் விலைக்கு அதே குவியலிலிருந்து வாங்கினார். மணி பத்தரை தாண்டியிருந்தது.

“நிறுத்து!” என்றார் ஜோஷி. “ராகுகாலம் ஆரம்பிச்சிடுச்சு. பன்னிரண்டு வரைக்கும் கத்தியை எலுமிச்சை மேல வைக்கக் கூடாது.”

“ஜோஷி சார், பக்கத்துக் கடையில அந்த ரசாயனக் குமுதினி தேசாய் மேடம் ரெண்டாவது சட்டி மிளகாய் பஜ்ஜி போட்டுட்டாங்க.”

“போடட்டும். அவங்க அனுபவிப்பாங்க.”

பன்னிரண்டு மணிக்கு அங்கடி கத்தியை எடுத்தார். இந்த முறை மூன்று பேரும் சேர்ந்து கையைப் பிடித்தார்கள்.

“திறப்பு விழா?” என்றார் நடாஃப்.

“எதுக்கு?”

“ஏம்ப்பா அங்கடி, நம்ம யூனிவர்சிட்டியில எதையாவது திறப்பு விழா இல்லாம ஆரம்பிச்சிருக்கோமா? தண்ணிக் குழாய்க்கே மந்திரி வந்தார்.”

வாதாடினால் மணி ஒன்றாகிவிடும். விழாவைச் சுருக்கமாக முடித்துவிட்டால் வியாபாரத்தைத் தொடங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார் அங்கடி. சந்தைச் சுங்கம் வசூலிக்க வந்த பசவண்ணெப்பாவைக் கையோடு பிடித்துத் தலைமை விருந்தினராக்கினார். ஜோஷியின் பையில் எப்போதும் ஒரு சால்வை இருக்கும். எங்கோ அவருக்குப் போர்த்தியது, எங்கோ அவர் போர்த்தப் போவது. அதைப் போர்த்தினார்கள். பழக்கூடை கொடுத்தாக வேண்டுமே? கைவசம் இருந்த பழம் எலுமிச்சைதான். நாத்தனார் விலையில் வாங்கியதில் பாதியைக் கூடையில் வைத்துக் கொடுத்தார்கள். பசவண்ணெப்பா சால்வையைச் சரிசெய்துகொண்டு, கூடையை இடுக்கிக்கொண்டு, கடைச் சுங்கத்துக்கு ரசீது கிழித்து நீட்டினார்.

நடாஃப் வரவேற்புரை ஆற்றினார். எலுமிச்சை பாரசீகத்திலிருந்து கப்பலேறவே இருபது நிமிடம் ஆயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மனிதருக்குக் குரல் வளம். காளை விற்க வந்தவர்கள் காளையோடு நின்று கேட்டார்கள்.

நன்றியுரையும் அவர்தான். இருபத்தாறு வருடங்களாக நன்றியுரை சொன்ன வாய் அது. கடைசி வரி தானாகவே வெளியே வந்தது:

“அனைவரும் சிற்றுண்டி அருந்திவிட்டுத்தான் செல்ல வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்!”

கூட்டம் மேசையை நோக்கித் திரும்பியது. விழா முடிந்தால் தின்னக் கொடுப்பார்கள் என்பது அந்தத் தாலுகாவில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

“நடாஃப் சார்! என்ன சொன்னீங்க?”

“நன்றியுரை.”

“அதுல சிற்றுண்டி எதுக்கு?”

“சிற்றுண்டி இல்லாம அது என்னப்பா நன்றியுரை?”

அதற்குள் வரிசை உருவாகிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கடைக்கு ஆள் வருவதைப் பார்த்த அங்கடி அவசர அவசரமாகக் கத்தியை எடுத்தார். பிழிந்தார். கொடுத்தார். வாங்கிய பெரியவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பித் தந்தார்.

“பிஸ்கட் இல்லையா மாஸ்தரே?”

“தாத்தா, காசு...”

“வேண்டாம் வேண்டாம். ஜூஸே போதும், காசெல்லாம் எதுக்கு?”

அங்கடி ஓடிப்போய் ஒரு அட்டையில் ‘ஒரு டம்ளர் பத்து ரூபாய்’ என்று எழுதி மேசை முன்னால் தொங்கவிட்டார். வரிசையில் நின்ற பெண் ஒருத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“ஏ சாந்தவ்வா! பத்து ரூபா ஜூஸாம்டி! சும்மா கொடுக்கறாங்க, சீக்கிரம் வா!”

வரிசை மாட்டுச் சந்தை வரை நீண்டது.

இனி நிறுத்த முடியாது. நிறுத்தினால் மேசை மிஞ்சாது. “அக்கா, இன்னும் பழம்!” என்று அங்கடி கத்தினார்.

“கொட்டேஷன்!” என்று ஹுணசிமரத் கத்தினார்.

எல்லவ்வா நிதானமாகக் கட்டைவிரலை மையில் தோய்த்தாள். “மூணு பேர்கிட்டயும் விலை ஏறிடுச்சு மாஸ்தரே.”

நாலு மணிக்கு லலிதா ஷெணை வந்து சேர்ந்தபோது, குமுதினி தேசாயின் அணி பஜ்ஜியெல்லாம் விற்றுத் தீர்ந்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தது. அங்கடியின் மேசையைச் சுற்றி முந்நூறு பேர். பக்கத்தில் ஒரு காளை.

“பிரமாதம் சார்! எவ்வளவு வித்துச்சு?”

அங்கடிக்குப் பொய் சொல்லும் தெம்புகூட இல்லை. விரல் இடுக்கெல்லாம் எலுமிச்சை எரிந்தது. “ஒண்ணுகூட விக்கல மேடம். எல்லாரும் குடிச்சாங்க.”

லலிதா ஷெணை அதை அப்படியே குறித்துக்கொண்டு போனார்.

கதவு போயிற்று. அங்கடி காலி மூட்டைமேல் உட்கார்ந்தார். மூன்று பேரும் மெதுவாக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

“டப்பாவுல ஏதாவது மிச்சம் இருக்கா?” என்றார் ஜோஷி.

அங்கடி டப்பாவைத் திறந்தார். வழக்கம்போல அவருக்கு ஒன்று கிடைத்தது. பசியில் அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை துணைவேந்தர் முடிவைச் சொன்னார். மேசைமேல் இரண்டு கோப்புகள். ஒன்று மெலிந்து கிடந்தது. மற்றது ஹுணசிமரத் கட்டியது. கயிறு போட்டும் அடங்கவில்லை.

“தேசாய் மேடம் அணி வித்தாங்க, சம்பாதிச்சாங்க, போனாங்க” என்றார் துணைவேந்தர். “சந்தோஷம். ஆனா அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்ககிட்ட நான் எதைக் காட்டுறது? பஜ்ஜியையா? இதைப் பாருங்க. கொட்டேஷன் இருக்கு. விலை அட்டவணை இருக்கு. விழா போட்டோ இருக்கு, விருந்தினர் இருக்கார், பயனடைந்தோர் முந்நூறு. பேப்பர்லகூட வந்திருக்கு. அங்கடி, இதுக்குப் பேர்தான்யா தலைமை!”

“விக்கவே இல்லையே சார்,” என்றார் லலிதா ஷெணை.

“மேடம், நாங்க யூனிவர்சிட்டி. கத்துக் கொடுக்கறதுதான் எங்க வேலை. வித்துட்டா அப்புறம் கடைக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

உத்தரவைக் கையில் வாங்கியபோது அங்கடிக்குக் கண் கலங்கியது. பதினேழாம் நம்பருக்கு ஓடினார். நல்லவேளையாக அங்கே யாரும் இல்லை. விடைபெறும்போது நடாஃப் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். தன் குவளையையும் புத்தகங்களையும் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டார். மேலே டப்பாவை வைத்தார். அன்றைக்கென்று கிரிஜா வேர்க்கடலைச் சட்னிப்பொடியும் கத்தரிக்காய்ப் பொரியலும் சேர்த்துக் கட்டியிருந்தாள். பெட்டியைச் சுமந்துகொண்டு மெயின் பில்டிங் படிகளை இரண்டிரண்டாக ஏறினார்.

மாடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அட்டெண்டர் ஃபகீரப்பா எழுந்து கும்பிட்டார்.

“ஃபகீரப்பா, டைரக்டர் ரூம் சாவி கொடுப்பா!”

“சாவி எதுக்கு சார், கதவு திறந்துதான் இருக்கு,” என்றார் ஃபகீரப்பா. “உங்க கோப்பைப் பார்த்து துணைவேந்தர் அசந்துபோய் உங்க ரூம்காரங்க மூணு பேரையும் துணை டைரக்டர் ஆக்கிட்டாரு, அவங்க உத்தரவு வந்ததுமே பெட்டியோட வந்து உள்ள உட்கார்ந்துட்டாங்க, இப்ப காலியாக் கிடக்கிறது உங்க பதினேழாம் நம்பர்தான்.”