தெருவுக்கு அமைதி வந்த வரலாறு

ரயில் நிலையத்தைக் கட்ட இரும்பு போதும். இடிக்கத்தான் மனிதாபிமானம் வேண்டும். நியூயார்க்கில் எங்கள் தெருவுக்கு மேலே, இரும்புத் தூண்களின் தலையில் எழுபத்தேழு வருஷம் உட்கார்ந்திருந்த நிலையத்தை இறக்கிய ‘வெளிச்சமும் காற்றும் வேண்டுவோர் சங்க’த்திடம் அது ஏராளமாகவே இருந்தது. தலைவர் திரு. க்ரோல். தெருவில் ஆறு கட்டடங்கள் அவருக்குச் சொந்தம் என்பது தற்செயல்.

அதில் ஒன்றின் இரண்டாம் மாடியில் ப்ரைடி ஹான்ராட்டி தன் இரண்டு பெண்களோடு குடியிருந்தாள். சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே பிளாட்பாரம். அவள் உருளைக்கிழங்கு வேகவைத்தால், ரயிலுக்கு நிற்பவர்கள் உப்பு போட்டாச்சா என்று கேட்பார்கள். நாலு நிமிஷத்துக்கு ஒரு ரயில். அது கடக்கும்போது பேசுவது காதில் விழாது. விழாததற்கெல்லாம் தலையாட்டிவிடுவது அந்தத் தெருவின் மரியாதை. சில கல்யாணங்களே அப்படித்தான் நிச்சயமாயின.

நிலையத்துக்கு நேர் கீழே, மதுக்கடையில் சங்கத்தின் மகாசபை கூடியது. க்ரோல் ஒரு கையில் நிலையத்தை இடிக்கும் தீர்மானமும் மறு கையில் கடிகாரமுமாக எழுந்தார். வீட்டுக்குள் வெயில் வரும் என்று வாசித்தார், கைதட்டினார்கள். காயும் துணியில் எண்ணெய் சொட்டாது என்றார். பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், நிதானமாகத் தண்ணீர் குடித்தார், ரயில் தலைக்கு மேல் வந்ததும் நாலாவது அம்சத்தை வாசித்தார். சபை மரியாதையாகத் தலையாட்டியது. ப்ரைடி கொஞ்சம் கூடுதல் மரியாதைக்காரி; இரண்டு தடவை ஆட்டினாள்.

நிலையம் போயிற்று. வெயில் வந்தது. அதன் பின்னாலேயே, ஆறு மாதத்துக்குள், காலி செய்யச் சொல்லி வீட்டுக்கு வீடு நோட்டீஸும் வந்தது. ப்ரைடி தன் நோட்டீஸை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனாள். நிலையத்தின் வரலாற்றை மலராக வெளியிடும் திருப்பணியில் க்ரோல் மூழ்கியிருந்தார்.

“பத்தொம்பது வருஷமா இருக்கேன் சார். திடீர்னு போன்னா, பொண்ணுங்கள வச்சுக்கிட்டு எங்க போவேன்?”

“நாலாவது அம்சம்மா அது. வெளிச்சம் வந்ததும் பழைய குடித்தனமெல்லாம் காலி பண்ணணும். நீங்க ரெண்டு தடவ தலையாட்டினதா மினிட்ஸ்லயே இருக்கு.”

“ரயில் போயிட்டிருந்துதே. எங்க யார் காதுலயும் விழலியே.”

“அந்தக் கொடுமைக்காகத்தானேம்மா இடிச்சோம்” என்றார் க்ரோல், நிஜமான துக்கத்தோடு. பிறகு பேனாவைத் திறந்தார். மலருக்குப் பழைய குடித்தனக்காரர் ஒருவரின் வாழ்த்து தேவைப்பட்டது.

ப்ரைடி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“எழுதிக்குங்க. எழுபத்தேழு வருஷம் கத்தியும் அந்த ரயிலால எங்கள்ல ஒருத்தரக்கூட வெரட்ட முடியல. உங்க அமைதி ஆறே மாசத்துல தெருவையே வெரட்டிருச்சு.”