ஆற்றுக்கு மேலே ஒரு பழுப்புப் புள்ளி

"ஏய் ஃபெங்யா, இது என் சோயா சாஸ் மாதிரி இல்ல இருக்கு?"

தாவ்பின் நூடுல்ஸ் கிண்ணத்தோடு தையல் சட்டத்தின் மேல் குனிந்திருந்தான். மனைவியின் ஊசி அந்தரத்தில் நின்றது.

எழுநூறு வருஷத்துச் சுருள் ஓவியம். பனி ஆறு, அதில் ஒற்றைப் படகு. சூசோ அருங்காட்சியகம் தந்த அச்சுப்படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் பட்டில் தைக்க வேண்டும், அதுதான் முறை. ஃபெங்யா தைத்திருந்தாள். வெறும் வானத்தில் இருந்த பழுப்புப் புள்ளியைக்கூட, இழையைப் பதினாறாகப் பிரித்து, மூன்று வகைப் பழுப்பில், பதினோரு நாள் தைத்திருந்தாள்.

"எப்பக் கொட்டினீங்க?"

"கொட்டல. அச்சுப்படத்து மேல தெறிச்சுது. நீ திட்டுவேன்னு சொல்லல."

"இப்ப மட்டும் கொஞ்சப் போறேனா? வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு மூல ஓவியத்தைப் பக்கத்துல வெச்சுப் பார்க்கப் போறாங்க! ரெண்டு தடவை கைநழுவிப் போன பூத்தையல் மாஸ்டர் பட்டம். இந்தத் தடவையும் போச்சுன்னா அப்புறம் விண்ணப்பமே போட முடியாது."

தையலைப் பிரித்தாள். சாஸ் போனது. பட்டில் ஊசித் துளைகள் சல்லடையாக நின்றன.

"கொக்கு ஒண்ணு போட்டு மூடிடேன்," என்றான் தாவ்பின்.

போட்டாள். ஈ மாதிரி இருந்தது. ஈயைக் கொக்காக்க இறக்கையை நீட்டினாள். இப்போது வாத்து.

"வானத்துல வாத்து எதுக்குப் பறக்குது?"

"உங்க நூடுல்ஸைத் தேடித்தான்!"

வாத்தையும் பிரித்ததில் துளைகள் உள்ளங்கை அகலத்துக்குப் பெருகின. கடைசியில் வழியைக் காட்டியது ஓவியமேதான். அதை வைத்திருந்த ராஜாக்களும் பணக்காரர்களும் ஆளுக்கொரு சிவப்பு முத்திரையைக் கண்ட இடத்தில் குத்தியிருந்தார்கள்.

"பத்தொன்பது இருக்கு. இருபதாவதை எவன் எண்ணப் போறான்?" என்றான் தாவ்பின். "பழங்காலத்து எழுத்து இந்தக் காலத்துல யாருக்குப் புரியும்?"

வீட்டில் பழங்கால எழுத்து இருந்தது வினிகர் ஜாடியின் மூடியில் மட்டும்தான். அதைப் பார்த்தே துளைகளின் மேல் இருபதாவது முத்திரையைத் தைத்தாள்.

வெள்ளிக்கிழமை, தேர்வுக் குழுத் தலைவர் பேராசிரியர் நியே எண்ணினார். பூதக்கண்ணாடியைப் பிடித்து வாசிக்கவும் செய்தார்.

"'மூன்று வருடம் ஊறியது.' யாரும்மா இந்த ரசிகர்?"

ஃபெங்யா உள்ளதைச் சொல்லிவிட்டாள். சாஸ், ஈ, வாத்து, வினிகர் எல்லாம்.

"அபசாரம்!" பேராசிரியரின் மூக்கு முத்திரையைவிடச் சிவந்தது. "மூலத்துல அந்தப் படகைப் பாரும்மா. அதோட தனிமையைப் பத்தி மட்டும் ரெண்டு புத்தகம் எழுதியிருக்கேன். இதை வரைஞ்ச மகான் எதையாவது மூடி மறைக்கவா தூரிகையைத் தொட்டார்? கறையை மறைக்கிற கைக்குப் பட்டம் கிடையாது. எழுதிக்கோங்கய்யா!"

குழுச் செயலாளர் பேனாவைத் திறந்தார்.

அருங்காட்சியகத்தில் நாற்பது வருஷமாகச் சுருள்களைப் பழுது பார்க்கும் பெரியவர் கூ, மூலத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

"அப்ப நானும் வேலையை விட்டுடணுமா ஐயா? எண்பத்தி நாலுல இதுக்குப் பின்னால ஒட்டின தாளை மாத்தறப்ப என் டீ இதுமேல கொட்டிடுச்சு, அதை மறைக்கத்தான் அந்தப் படகைப் போட்டேன்."