நூலகர் ஒழுங்குபடுத்திய தீவு

"இன்று முதல் இந்த வீட்டில் புத்தகம் மட்டும்தான்!"

நூலகர் இப்படி அறிவித்தபோது அவர் குரலில் ஒரு நாட்டையே பிடித்துவிட்ட கம்பீரம் இருந்தது. வீடியோ கேம் பெட்டியை ஒயரோடு சுருட்டினார். கூடத்து மர அலமாரியில், கலைக்களஞ்சியங்களுக்குப் பின்னால் தள்ளினார். பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பையை ஒரு தட்டுத் தட்டினார்.

ஏழாம் வகுப்பு படிக்கிற மகள் அழவில்லை. கத்தவில்லை. அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அழுதிருந்தால் சமாளித்திருப்பார். இது வேறு மாதிரி.

"அம்மா, தண்ணி ஜக்கை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"யாருகிட்டடி சொல்ல?"

"அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்காங்களோ அவங்ககிட்ட."

வாழ்நாள் முழுக்க 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர் நூலகர். ஆனால் வீட்டில் கிடைத்த அமைதி அவரைப் பிய்த்துத் தின்றது. முன்பெல்லாம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் கேள்வியோடு வந்து நிற்பாள். திமிங்கிலம் தூங்கினால் மூழ்காதா? கண்ணாடியைக் கண்டுபிடிக்காத காலத்தில் மனுஷனுக்குத் தன் முகம் தெரியுமா? பதில் தெரியாவிட்டால் மறுநாள் புத்தகம் கொண்டுவருவார். இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படிப்பார்கள். இப்போது அவள் கேள்விகளையெல்லாம் அம்மாவிடம் கேட்டாள். அவர் காதில் விழும்படியே கேட்டாள்.

ஒரு வாரம் போனதும் மனைவிதான் சமாதானம் பேசினாள். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிற பெண். கிழிந்ததை அப்படியே விட அவளுக்குக் கை வராது.

"இன்னிக்கு அவ ஸ்கூல் விட்டு வந்ததும் நீங்களே கூப்பிட்டு அந்தப் பெட்டியை எடுத்துக் குடுங்க. தினம் கொஞ்ச நேரம்னு சொல்லுங்க. உங்க ராஜ்யமும் நிக்கும், அவ வாயும் திறக்கும்."

நூலகர் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார்.

அன்று நூலகத்துக்கு விடுமுறை. மனைவி உள் அறையில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தம் சீராக வந்தது. பெட்டி வேலை செய்கிறதா என்று பார்த்துவைப்பது ஒரு தகப்பனின் கடமை இல்லையா? அலமாரியைத் திறந்தார். பெட்டியை டிவியில் மாட்டினார்.

திரையில் ஒரு தீவு விரிந்தது.

நூலகர் இமைக்க மறந்தார். நீலக் கடல். மலை மேல் கலங்கரை விளக்கம். கோடு பிடித்துத் தைத்த மாதிரி நேர் நேராகக் காய்கறிப் பாத்தி. வழியெல்லாம் அறிவிப்புப் பலகைகள். எழுத்து என்று ஒன்று இருந்தால் நூலகர் விடுவாரா? ஒவ்வொன்றையும் நின்று நிதானமாகப் படித்தார். புதுப் புத்தகக் கட்டைப் பிரிக்கும்போது வருமே ஒரு குறுகுறுப்பு, அதே குறுகுறுப்பு. 'இந்த வயசுல இத்தனை ஒழுங்கா! என் பொண்ணாச்சே' என்று மார்பு நிமிர்ந்தது.

அத்தோடு எழுந்திருக்கலாம். அவர் தீவின் கிடங்குக்குள் நுழைந்தார்.

கிடங்கைப் பார்த்ததும் நூலகருக்குக் கை அரித்தது. கிழிந்த வரைபடத் துண்டுகள். துருப்பிடித்த சாவிகள். உடைந்த சங்கு. ஒரே மாதிரி மூன்று விளக்குத் திரி. நூலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கிழிந்தது, செல்லரித்தது, இரட்டைப்படி எல்லாவற்றையும் கழித்துக்கட்டுவார்கள். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

'கடலில் எறியவா?' என்று திரை கேட்டது.

ஆம். ஆம். ஆம். ஆம். மீதியை உயர வரிசையில் அடுக்கினார். குழந்தை வந்து பார்த்தால் எப்படிப் பூரித்துப்போவாள்!

வெளியே வந்தால் படகுத்துறையில் ஒரு கிழட்டு ஆமை உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தது: 'வரைபடத் துண்டுகளை அநேகமாகச் சேர்த்துவிட்டாயாமே! இன்னும் ஒன்றே ஒன்றுதான். வடக்குக் கதவு திறந்துவிடும்.'

'ஆம், ஆம்' என்று அழுத்திய தன் கட்டைவிரலை நூலகர் குனிந்து பார்த்தார்.

சட்டென்று தையல் மிஷின் நின்றது.

"என்னங்க, கூடத்துல அலைச்சத்தம் கேக்குது?"

"அலையா? காது... காது அடைச்சிருக்கும் உனக்கு."

"கடல்காக்கா கத்துதே!"

"ஜன்னல்ல காக்கா."

மிஷின் மறுபடி ஓடியது. நூலகர் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, பின்கட்டுப் பால்கனிக்குப் பாய்ந்தார். அடுத்த பால்கனியில் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். என் ஃப்ரெண்டு ஒருத்தர் வீடியோ கேம்ல, அந்தத் தீவு ஆட்டத்துல, தெரியாம சாமானைக் கடல்ல போட்டுட்டாராம். பெட்டியை அணைச்சுப் போட்டா பழையபடி வந்துடுமா?"

"வராது சார். அது உடனுக்குடனே பதிஞ்சுக்கும். உங்க ஃப்ரெண்டு கண்ணாடி போட்டிருப்பாரா?"

"ஏன்?"

"உங்க கண்ணாடி மாதிரியே வேர்த்திருக்குமான்னு கேட்டேன்."

"தம்பி!"

"எங்க வீட்டுலயும் அதே ஆட்டம்தான் சார். கடல்ல போட்டது கடல்லயேதான் கிடக்கும். தூண்டில் போட்டு ஒவ்வொண்ணா எடுக்கணும். பொறுமை வேணும்னு உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க."

நூலகர் தூண்டில் போட்டார். முதலில் பழைய பூட்ஸ் வந்தது. அப்புறம் தகரடப்பா. அப்புறம் அதே பூட்ஸுக்கு ஜோடி. சுவர்க் கடிகாரம் ஓடியது, முள் அவர் நெஞ்சிலேயே நகர்ந்தது. 'ஆண்டவனே, ஒரு துண்டு! ஒரே ஒரு துண்டு! இனி யாரையும் எதுக்கும் அதட்டமாட்டேன்.' ஆண்டவன் ஒரு நண்டைக் கொடுத்தார்.

மிஷின் நின்றது. காலடிச் சத்தம். நூலகர் திரையை அணைத்து, கன்ட்ரோலரைத் தொடைக்கு அடியில் தள்ளி, கையில் அகப்பட்ட புத்தகத்தை விரித்தார்.

"என்ன படிக்கிறீங்க?"

"வரலாறு."

"தலைகீழாவா?"

அவள் போய்விட்டாள். சிரித்தாளா? தெரியவில்லை. மறுபடி தூண்டில். பூட்ஸ். பாசி. பூட்ஸ். அந்தக் கடலில் குடியிருந்தவர்களெல்லாம் செருப்புக்கடை வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. கட்டைவிரல் மரத்துப்போனது. கடைசியில் ஒரே ஒரு துண்டு வந்தது. கைகொட்டப் போனார், தெருமுனையில் பள்ளி வேனின் ஹாரன் கேட்டது.

நூலகர் டிவியை அணைத்துவிட்டு உள் அறைக்கு ஓடினார்.

"நீதான் என்னைக் காப்பாத்தணும்!"

எல்லாவற்றையும் கொட்டினார். மனைவியின் கையிலிருந்த துணி நழுவியது.

"எல்லாத் துண்டுமா?" என்றாள், குரல் உள்ளே போய்.

"ஒண்ணை மீட்டுட்டேன்."

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. குழந்தைக்காக இந்தத் தாய் மனசு என்ன பாடுபடுகிறது என்று நூலகர் உருகிப்போனார். அவள் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஏதோ வேண்டிக்கொண்டாள். திறந்தபோது குரல் சீராக இருந்தது.

"சரி. பொய் சொல்லாதீங்க. நீங்களே அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"கேக்கறேன்."

"பூட்டை எடுத்துடணும்."

"எடுத்துடறேன்."

"அப்புறம் இந்த வீட்டுல யாரு எதைத் தெரிஞ்சுக்க ஆசைப்பட்டாலும் புத்தகத்துலதான் தெரிஞ்சுக்கணும்னு சட்டம் போடக்கூடாது. யாரா இருந்தாலும்."

"சத்தியமா!"

வாசலில் பை விழுந்தது. மகள் நேராக அடுக்களைக்குத் திரும்பினாள். நூலகர் வழியை மறித்தார். கும்பிடாத குறை.

"கண்ணு, அப்பா தப்புப் பண்ணிட்டேன். உன் தீவுல கிழிஞ்ச மேப்பையெல்லாம் குப்பைன்னு நினைச்சுக் கடல்ல வீசிட்டேன். என்கிட்ட எத்தனை நாள் வேணும்னாலும் பேசாம இரு. ஆனா இனிமே பூட்டு கிடையாது."

மகள் அவரைப் பார்த்தாள். டிவியைப் போட்டு, திரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா! இது என் தீவே இல்லப்பா!"

'அப்பா.' ஒரே மூச்சில் இரண்டு தடவை. நூலகருக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவே கொஞ்ச நேரமாயிற்று.

"என் தீவுல ஒரு குடிசையும் ரெண்டு கோழியும்தான் இருக்கு. கடைசியா யார் ஆடினாங்களோ அவங்க தீவுதான் முதல்ல திறக்கும். இது அம்மாவோடது. நீங்க பூட்டினப்புறமும் இவ்வளவு வளர்ந்திருக்கே! அம்மா, எப்படிம்மா?"

நூலகர் மெல்லத் திரும்பினார்.

"சாவி என்கிட்டதானே இருந்தது?"

"பூட்டு முன்பக்கம்தானேங்க. அலமாரிப் பின்பலகையில நாலு திருகுதான். மிஷின் ஸ்க்ரூ டிரைவர் போதும்."

"அப்ப என் உத்தரவு?"

"அவளைத் தொடவிட்டேனா? அப்பா சொன்னா சொன்னதுதான்னு நான்தானே சொன்னேன். ஆனா எனக்குன்னு நீங்க எதுவும் சொல்லலையே."

"உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"பொட்டலம் மடிச்ச காகிதத்தைக்கூடப் பிரிச்சு ரெண்டு பக்கமும் படிக்கிறீங்களே, அது எதுக்கு? அதுக்குத்தான். அந்த வடக்குக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

மகள் அம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். நூலகர் மெல்லப் பின்வாங்கினார். நாற்காலியில் விழுந்தார். இருப்பதிலேயே தடித்த கலைக்களஞ்சியமாகப் பார்த்து எடுத்து முகத்துக்கு நேரே விரித்தார்.

அது கையைவிட்டுப் போயிற்று. அந்த இடத்தில் கன்ட்ரோலர் வந்து உட்கார்ந்தது.

"படிக்கிறதெல்லாம் அப்புறம்" என்றாள் மனைவி. "முதல்ல ஒழுங்கா உட்கார்ந்து விளையாடுங்க."