மிளகாய் கிளறும் டேங்க்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. விஷயமோ மிஷின் விஷயம். எதையாவது முன்னே பின்னே மாற்றிச் சொன்னால் என் வீட்டுக்காரரின் கூட்டாளி காஜா அண்ணன் வந்து திருத்துவார். அதனால் விரலில் தொடங்குகிறேன். அது எனக்குத் தப்பாது.

என் வீட்டுக்காரர் பூமிநாதனுக்கு ஒன்பதரை விரல். மீதி அரையை, சாயல்குடியில் நாங்கள் நடத்தும் மிளகாய் மில்லின் பெல்ட்டு வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அவர் எங்கே போய் வந்தாலும் கையைப் பிடித்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவேன். பார்க்கிறவர்கள், இந்த வயதிலும் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று சிரிப்பார்கள்.

மாசி மாதம் அவரும், சவூதியில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துத் திரும்பிய காஜா நவாஸ் அண்ணனும் மில்லுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அடைந்துகொண்டார்கள்.

"என்னங்க செய்றீக?"

"களத்துல காயப்போட்ட மிளகாயைக் கிளற மிஷின். உனக்கு இடுப்பு வலிக்குதுல்ல? ரிமோட்டுல ஓடும்."

"வண்டிச் சக்கரம் வைக்காம எதுக்குப் பெல்ட்டு?"

"களம் பூரா மணலு. சக்கரம்னா புதையும். பட்டாளத்து டேங்க் மாதிரி பெல்ட்டு போட்டா மெதந்து போகும்."

எனக்காகவா என்று கண் கலங்கிவிட்டது. டீ போட்டுக் கொண்டுபோனேன். மிஷின் முகத்தில் சாக்கு மூடியிருந்தது. விலக்கினேன். ஒரு முழ நீளத்தில் இரும்புப் பிளேடு. இரண்டு பக்கமும் தீட்டியது.

"மிளகாய்க்கு இது எதுக்கு?"

இவர் காஜா அண்ணனைப் பார்த்தார். காஜா அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"காம்பு கிள்ள" என்றார் இவர்.

காஜா அண்ணன் வீட்டுக்காரி உம்மு ஹபீபாவுக்குப் போன் போட்டேன்.

"ரோபோவுக்கும் ரோபோவுக்கும் சண்டை விடுற போட்டியாம் மதினி, மதுரையில. எந்நேரமும் போன்ல அதைத்தான் பாக்குறாக. என்கிட்ட மீன் வெட்டுற மிஷின்னு சொல்லிருக்காக."

போய்ச் சண்டை பிடித்திருப்பேன். அதற்குள் கொட்டகைச் சந்து வழியாக அதைப் பார்த்துவிட்டேன். மிஷின் நேராகப் போனது. திருப்பியதும் பெல்ட்டு கழன்றது. இவர் மண்ணில் படுத்து, பிளேடுக்குப் பக்கத்திலேயே கையை விட்டு மாட்டினார். திருப்பினார்கள். கழன்றது. மறுபடியும் கை.

"இறுக்கு மாப்ள" என்றார் காஜா அண்ணன்.

"இறுக்குனா மோட்டார் பொகையுது மச்சான்."

"அப்ப தளத்து."

"தளத்துனதுனாலதானே கழறுது!"

ஒன்பதரை எட்டரையாக எவ்வளவு நேரமாகும்? மில் ஓட்டுகிற எனக்குத் தெரியும், பெல்ட்டு ஓடும் சக்கரம் நடுவில் கொஞ்சம் தொப்பை போட்டிருக்க வேண்டும். பெல்ட்டு அந்த மேட்டைத் தேடி நடுவிலேயே ஓடும். இவர்கள் லேத்தில் கடைந்து வாங்கியது ஒரே சமமாக, வயிறு ஒட்டிக் கிடந்தது. இரண்டு பேரும் கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். பெல்ட்டைக் கழற்றி, நாலு சக்கரத்துக்கும் நடுவில் துணி டேப்பைச் சுற்றினேன். மேலே பெல்ட்டை மாட்டி மறைத்தேன்.

மறுநாள் எப்படித் திருப்பியும் கழலவில்லை. இவர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"கனவுல வந்துச்சு உமையா! சக்கரத்தை அரை நூல் தள்ளி வச்சேன், பாத்தியா!"

"உங்க மூளைக்கு என்னங்க" என்றேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறென்ன சொல்வது? ஆனால் பிளேடு இருந்தது.

போட்டியன்று காலை, "மிஷினுக்குப் பெயிண்ட் அடிக்க மதுரைக்குப் போறோம்" என்றார். அவர் குளிக்கப் போனதும் ஸ்பேனரை எடுத்தேன். பிளேடைக் கழற்றினேன். அந்த இடத்தில் நான் மிளகாய் கிளறும் புளியமரப் பலகையை வைத்து முடுக்கினேன். சாக்கைப் போட்டு இறுக்கிக் கட்டினேன்.

போட்டியைப் போனில் காட்டினார்கள். நானும் ஹபீபாவும் தலையை ஒட்டிவைத்துப் பார்த்தோம். சாக்கை அவிழ்த்ததும் இவருக்கும் காஜா அண்ணனுக்கும் வாய் மூடவில்லை.

"அங்கிள், இதான் உங்க ஆயுதமா?" என்று காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மணி அடித்தது. எதிரி மிஷின் ரம்பத்தைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து வந்து, புளியம்பலகையில் கடித்தது. கடித்தது கடித்ததுதான், வெளியே வரவில்லை. எங்கள் டேங்க் அதைத் தள்ளிக்கொண்டுபோய் மூலையில் சாத்தியது. பெல்ட்டு அசையவில்லை. ஹபீபா கைதட்டினாள். நான் போனில் தெரிந்த இவர் விரலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சுற்றில் மோட்டார் புகைந்து தோற்றார்களாம். சாயங்காலம் வந்ததும் கையைப் பிடித்தேன். ஒன்பதரை. கக்கத்தில் ஒரு சின்னப் பரிசுக் கப்பு.

"இது ஏதுங்க?"

"பெயிண்ட் கடையில குடுத்தாக. நல்ல கஸ்டமருக்கு."

துடைத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு வாரமாக வீட்டைப் புரட்டுகிறார்.

"என்னங்க தேடுறீக?"

"ஒண்ணுமில்ல. அந்தக் காம்பு கிள்ற..."

"காம்பை நான் கிள்ளிக்கிறேன். நீங்க கிளறுங்க."

இப்போது தினமும் காலையில் ரிமோட்டும் கையுமாகக் களத்தில் நிற்கிறார். பிளேடு ஹபீபா வீட்டில், சவூதிப் பெட்டிக்குள் இருக்கிறது. சாவியை என் தாலிச் செயினில் ஊக்குப் போட்டு மாட்டியிருக்கிறேன்.

நேற்று இவர் கண்ணில் பட்டுவிட்டது. "இது என்ன புதுச் சாவி?"

"பெயிண்ட் கடையில குடுத்தாக" என்றேன். "நல்ல கஸ்டமரோட பொண்டாட்டிக்கு."