டர்போ ஆறும் நேரம்

நம்மவர் அந்தக் காரை வாங்கி வந்த அன்றே ஒரு சட்டம் போட்டார். வண்டி வாசலில் வந்து நின்றதும் எஞ்சினை உடனே நிறுத்தக் கூடாது. யார் கூப்பிட்டாலும் சரி, கூரையே பிடுங்கிக்கொண்டு போனாலும் சரி, முதலில் டர்போ ஆற வேண்டும். அதுவரை வண்டியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த வீட்டில் அவர் அதற்கு முன்பும் சட்டங்கள் போட்டிருக்கிறார். எதுவும் அமலானதில்லை. இது மட்டும் அமலாயிற்று. காரணம், இது வாசற்படிக்கு வெளியே நடக்கிற விஷயம். அவர் மனைவியின் ஆட்சி வாசற்படியோடு முடிகிறது என்று நம்மவர் அப்போது நம்பிக்கொண்டிருந்தார்.

கார் அவர்கள் கல்யாணத்தைவிட மூத்தது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டையின் நிறம். பின்கதவுகளில் ஒன்று உள்ளேயிருந்து திறக்காது, இன்னொன்று எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளே டர்போ இருந்தது. அது இருக்கும்போது கதவு எதற்கு என்பது நம்மவர் கட்சி.

டர்போ என்றால் என்ன என்று மனைவி கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எஞ்சின் வெளியே விடுகிற புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்ற வைக்கிறது, அந்த விசிறி இன்னும் நிறையக் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது, எஞ்சினுக்கு இரட்டை பலம் வருகிறது என்று அவர் வெகுநேரம் விளக்கினார். சுருக்கமாகச் சொன்னால், எஞ்சின் விடுகிற பெருமூச்சைக்கூட வீணாக்காமல் வேலை வாங்குகிற கருவி என்று முடித்தார்.

"நான் விடற பெருமூச்சுக்கு ஒண்ணு மாட்டியிருந்தா இந்த வீடே இந்நேரம் பறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

டர்போவுக்கு மூன்று விரதங்கள் உண்டு என்று நம்மவர் வீட்டில் எல்லோருக்கும் பாடம் நடத்தினார். குளிர்ந்திருக்கும்போது விரட்டக் கூடாது. சூடாக இருக்கும்போது சட்டென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உள்ளேயே ஆயில் கருகிவிடும். பக்கத்துத் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் எடுத்துப் போகக் கூடாது. அரைகுறையாகச் சூடானால் ஆயிலில் ஈரம் தங்கும், அந்த ஈரம் மெல்ல மெல்ல டர்போவைத் தின்றுவிடும். அவருடைய இரண்டு பெண்களும் தலையாட்டினார்கள். கூடவே இருந்த மாமனாரும் தலையாட்டினார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

விடுமுறை நாட்களில் நம்மவர் வண்டிக்கு அடியில் வசித்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். வருகிறவர்கள் அந்தக் கால்களிடம் நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். வண்டியில் ஒரு சொட்டு ஆயில் ஒழுகினால் அன்றைக்கே நட்டு, போல்ட்டு, வாஷர் என்று தெருவில் கடை விரித்துவிடுவார். சமையலறைக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு அவர் வைத்திருந்த மருந்து "பார்க்கலாம்" என்கிற ஒரே சொல்.

அவர் சுகத்தையும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு வெளியே சாலை நேராகிற இடத்தில் மூன்றாவது கியரில் காலை அழுத்துவார். ஒன்றும் நடக்காது. மறுபடியும் ஒன்றும் நடக்காது. பிறகு முன்னாலிருந்து மெல்லிய விசில் ஒன்று கிளம்பும், யாரோ அன்பாக முதுகைப் பிடித்துத் தள்ளுவதுபோல் வண்டி பாயும். நம்மவர் தனியாக இருந்தால் வாய்விட்டுச் சிரிப்பார். அலுவலகத்தில் அவர் சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை.

ஆறுகிற நேரம் முதலில் இரண்டு நிமிடமாகத்தான் இருந்தது. நேர்மையான இரண்டு நிமிடம். ஒருநாள் அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பரண்மேல் இருக்கிற பெரிய பாத்திரத்தை இறக்கித் தரச்சொல்லி உள்ளேயிருந்து குரல் வந்தது. எழுந்தவர், டர்போ நினைவு வந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே போனபோது எதிர்வீட்டுக்காரர் வந்து பாத்திரத்தை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். விஞ்ஞானத்தின் அருமை நம்மவருக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு டர்போ ஆற மறுத்தது. வெயில் காலத்தில், வெளியே இவ்வளவு சூடு இருந்தால் அது எப்படி ஆறும் என்றார். மழைக்காலத்தில், திடீரென்று குளிர்ந்தால் உலோகம் வெடித்துவிடும், பையத்தான் ஆறவிட வேண்டும் என்றார். இப்படி வளர்ந்து வளர்ந்து அது அரைமணியில் வந்து நின்றது. மாமனார் தமக்குச் சிறுநீரகக் கல் எடுத்த வரலாற்றை மாலைதோறும் சொல்லுவார், அதற்குச் சரியாக அந்த அரைமணி ஆகும். நம்மவர் உள்ளே நுழையும்போது கல் வெளியே வந்திருக்கும். காய் நறுக்கியாகியிருக்கும். பெண்களின் கணக்குப் பாடம் முடிந்திருக்கும்.

நடுவில் எதிர்வீட்டுக்காரர், புகை தங்கள் ஜன்னலுக்குள் வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். நம்மவர் பெருந்தன்மையோடு எஞ்சினை அணைத்துவிட்டார். ஆனால் இறங்கவில்லை. இப்போது இயற்கை முறையில் ஆறுகிறது, அதற்கு இன்னும் கூடுதல் நேரம் ஆகும் என்று வீட்டில் தெரிவித்தார். இருக்கையைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, மடியில் வறுத்த கடலைப் பொட்டலத்தோடு அந்த நேரத்தைப் பொறுமையாகக் கழித்தார். யாராவது வந்து அப்பா எங்கே என்று கேட்டால், "ஆறிட்டிருக்காரு" என்று சின்னவள் சொல்லுவாள்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனாலும் அலுவலகத்தில் பகல் முழுக்க மேலதிகாரிக்குச் சொந்தம், வீட்டில் மிச்சப் பொழுதெல்லாம் வீட்டுக்குச் சொந்தம் என்று ஆகிவிட்ட மனிதருக்கு, நடுவில் அந்த அரைமணி ஒன்றுதான் தனக்கென்று இருந்தது. அதில் யாராவது கை வைத்தால் தாங்க மாட்டார். அதனால்தான் அவ்வளவு பொய்.

மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊரின் அந்தக் கோடி, இரண்டு பஸ் மாற வேண்டும். ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பதில் பேர் வாங்கியவள். ஊசிக்குப் பயந்து ஓடுகிற முரட்டு ஆட்களைக்கூட அவளிடம்தான் அனுப்புவார்கள். எதையாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள், அவர்கள் "எப்ப குத்துவீங்க" என்று கேட்கும்போது பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோள்பையைக் கழற்றாமலே நேராகச் சமையலறைக்குப் போவாள். கையில் ஏதாவது இல்லாமல் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு ஏதாவது ஆற வேண்டியிருக்கிறதா என்று நம்மவர் கேட்டதும் இல்லை.

ஒருநாள் அவள் காய் வாங்கிக்கொண்டு தெருமுனைப் பக்கமாக வந்தாள். வண்டிக்குள் நம்மவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கடலைத்தோல் சட்டையெங்கும். அவள் பானெட்மேல், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் கை வைத்துப் பார்த்தாள். பானெட் ஜில்லென்று இருந்தது. வளையல் பானெட்டில் பட்ட சத்தத்தில் நம்மவர் விழித்துக்கொண்டார்.

"இன்னும் சுடுதுங்க" என்றாள்.

"சுடுதா?"

"கை வைக்க முடியல. நீங்க இருங்க, அவசரப்படாதீங்க."

நம்மவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இப்படி ஒரு வெகுளியா என்று நினைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கினார்.

அந்த வாரமே அவள் கார் ஓட்டக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டாள். உங்களுக்கு ஒரு அவசரம் என்றால் யார் இதை எடுப்பது என்றாள். நம்மவர் முதலில் தயங்கினார். கிளட்ச் கனமாக இருக்கும் என்றார். டர்போ வண்டியின் குணம் எல்லோருக்கும் பிடிபடாது என்றார்.

"காலை வெச்சா உடனே கேக்காது. யோசிக்கும். நாம மறந்தே போயிருப்போம், அப்பப் பார்த்துத் திடீர்னு பாயும். அதுக்குத் தனிப் பொறுமை வேணும்."

"உங்களோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்ல" என்றாள் அவள்.

அவள் கெட்டிக்காரத்தனமாகக் கற்றுக்கொண்டாள். உரிமத்தையும் முதல் தடவையிலேயே வாங்கிவிட்டாள். நம்மவருக்குப் பெருமை. சில வாரமாக வண்டிக்கு இழுவை குறைந்திருந்தது, எங்கேயோ காற்றுக் கசிகிறது, எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. குக்கர் வளையம் போனால் வருகிற சத்தம் இடது பக்கத்தில் வருகிறது என்று அவள்தான் சொன்னாள். பார்த்தால் இடது பக்கத்து ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. இரண்டு பேரும் சேர்ந்து புதுக் குழாய் மாட்டினார்கள். அவள் கிளாம்ப்பைப் பிடித்துக்கொள்ள, இவர் திருகினார். அன்று நேர்ச்சாலையில் அவள் காலை அழுத்தியபோது விசில் வந்தது, முதுகில் தள்ளு வந்தது, அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். நம்மவர் அதைப் பார்த்துக் கிறங்கிப்போனார். தன் வாழ்நாளிலேயே தான் செய்த நல்ல காரியம் இதுதான் என்று நினைத்தார்.

அடுத்த நாள் மாலை அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு வேலையும் இல்லை. அதைக் கண்டாவது அவர் உஷாராகியிருக்கலாம்.

"ஏங்க, உங்க ஆபீசுக்கு வண்டியில எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம். ஏன்?"

"அஞ்சு நிமிஷத்துல எஞ்சின் நல்லா சூடாயிடுமா?"

விஷயம் தெரிந்தவரிடம் சந்தேகம் கேட்டால் பதில் தன்னால் வந்துவிடுகிறது. "எங்க சூடாகுது, அதுக்குக் குறைஞ்சது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சூடாகவில்லை என்றால் இத்தனை நாளாக அரைமணி எது ஆறிக்கொண்டிருந்தது. சூடாகிறது என்றால் அது பச்சைப் பொய், வண்டியைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.

"அரைகுறையா சூடாகும்" என்றார்.

"அரைகுறையா சூடானா ஈரம் தங்கி டர்போவைத் தின்னுடும்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"அப்ப தினமும் தின்னுக்கிட்டுதானே இருக்கு?"

நம்மவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை.

"மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேட்டுடலாமா? இது ஏன் ஆற இவ்வளவு நேரம் எடுக்குதுன்னும் கேட்டுடலாம்."

"அவரை எதுக்கு. அவருக்கு ஆயிரம் வேலை."

"அதுவும் சரிதான். பாருங்க, எங்க லேப் அந்தக் கோடியில இருக்கு. போக வர நல்ல ஓட்டம். நீங்க ஆபீசுக்கு நடந்தே போயிடலாம். எனக்காகச் சொல்லல, டர்போவுக்காகத்தான் சொல்றேன்."

டர்போவுக்காக என்றதும் நம்மவர் தலை ஆடியது. அது அவர் போட்ட பாடம், ஆடாமல் என்ன செய்யும். எந்த இடத்தில் ஒப்புக்கொண்டோம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது சாவி அவள் பையில் இருந்தது. வலிக்கவே இல்லை.

வலி மறுநாளிலிருந்து வந்தது. காலையில் விசில் தெருமுனை திரும்புவதைக் கேட்டுக்கொண்டு நம்மவர் நடந்தார். மாலையில் முதலில் வீட்டுக்குள் நுழைகிறவர் இப்போது அவர்தான். அடுப்பு அவருடையது, காய் அவருடையது, பெரியவளின் கணக்கு அவருடையது. கல் எப்படி வெளியே வந்தது என்று மட்டுமே அறிந்திருந்தவர், அது எப்படி உள்ளே உருவானது என்பதை முதல் பாகத்திலிருந்து கேட்டார். சமையலறைக் குழாயை மூன்றாம் நாளே சரி செய்துவிட்டார். அதுவரை பாத்திரம் கழுவும்போதெல்லாம் முழங்கை நனைந்துகொண்டே இருந்தது.

கடைசியில் வண்டி வரும். வாசலில் நிற்கும். எஞ்சின் அணையும். அவள் இறங்க மாட்டாள். செருப்பைக் கழற்றி, இருக்கையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வாள். வெங்காயம் நறுக்குகிற ஜன்னலிலிருந்து நம்மவருக்கு அந்த முகம் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் முகம் அப்படி ஓய்ந்திருந்து அவர் பார்த்ததில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவருக்குக் கண்ணில் நீர் வந்ததற்குப் பாதிதான் வெங்காயம் காரணம். மீதிப் பாதி, அவள் உட்கார்ந்திருந்த இடம்.

அப்படியே ஒரு வாரம் தாங்கினார். பிறகு ஒருநாள் மாலை, மாமனார் மூன்றாவது டாக்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வண்டிக்கு முன்னால் இரண்டு இருக்கைகள் இருக்கின்றன என்பது நம்மவருக்கு உறைத்தது. அடுப்பைத் தணித்தார். பிளாஸ்க்கில் டீயை ஊற்றிக்கொண்டார். இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டார். பூனைபோல் நடந்து போய் இடப்பக்கக் கதவை இழுத்துப் பார்த்தார். உள்ளே பூட்டியிருந்தது. கண்ணாடியை விரலால் தட்டினார்.

கண்ணாடி பாதி இறங்கியது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நானும் கொஞ்ச நேரம் இப்படி உக்காந்துக்கலாம்னு."

அவள் அவரைப் பார்த்தாள். பிளாஸ்க்கைப் பார்த்தாள். கையை நீட்டி அதையும் ஒரு கோப்பையையும் அன்போடு வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேர் உக்காந்தா ஆற லேட்டாகுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.