குத்துப்பட்ட மந்திரியும் அஞ்சரைக்கட்டையும்

அஞ்சரைக்கட்டைக்கு இருந்த காது தர்மபுரி வட்டாரத்தில் அவருக்கு முன்னும் யாருக்கும் இருந்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை. மாடு கத்தினால் சுருதி சொல்வார். ரயில் ஊதினால் சுருதி சொல்வார். எங்கள் நாடகக் கம்பெனி முதலாளி கோபத்தில் கத்தினால், "ஐயா இன்னிக்கு ஆறு கட்டைக்குப் போறாருங்க, ஒடம்புக்கு ஆகாது" என்று அவர் காதுபடவே கவலைப்படுவார். கம்பெனியில் ஆர்மோனியம் வாசிப்பவர் அவர்; அவருடைய ஆர்மோனியத்துக்கு உகந்த சுருதி ஐந்தரைக் கட்டை. அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை நாங்கள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

நான் அந்தக் கம்பெனியில் பிராம்ப்டர். படுதாவுக்குப் பின்னால் நின்று, நடிகர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம். எங்கள் பெரிய நாடகம் 'சங்குமாலை'. அதில் நாற்பத்திரண்டு பாட்டு. ராஜா நுழைய ஒரு பாட்டு, உட்கார ஒரு பாட்டு, எழுந்து போக இரண்டு. எல்லாவற்றிலும் பெரியது, மந்திரி கத்திக்குத்துப் பட்ட பிறகு பாடும் முகாரி. மெட்டுப் போட்டவர் அஞ்சரைக்கட்டை, பாடுகிறவர் மாரண்டஹள்ளி மாணிக்கம். மார்பில் கத்தியோடு கால் மணி நேரம் பாடிவிட்டுத்தான் உயிரை விடுவார். 'ஒன்ஸ்மோர்' என்று குரல் வந்தால் எழுந்து, கத்தியைச் சரியாகச் செருகிக்கொண்டு, முதலிலிருந்து சாவார். நல்லம்பள்ளியில் ஒரே ஆட்டத்தில் நான்கு முறை செத்தார்.

யுத்த காலத்தில் இந்த நாடகத்தைப் படமாக்க சேலத்தில் ஒரு சினிமா கம்பெனி முன்வந்தது. எங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் நாளே தகராறு. செட்டில் போட்டிருந்த பெரிய விளக்குகள் ரீங்காரம் செய்துகொண்டிருந்தன. அஞ்சரைக்கட்டை காதைப் பொத்திக்கொண்டார்.

"வெளக்கு நாலு கட்டையில பாடுதுங்க. ஒண்ணரைக் கட்டை ஏத்தச் சொல்லுங்க. இல்லீன்னா அணைச்சுப் போடுங்க."

விளக்கை அணைத்தால் படம் எப்படி எடுப்பது என்று கேட்டதற்கு, "அது உங்க கஷ்டங்க" என்றுவிட்டார்.

அடுத்தது பாட்டுகள். பிலிமுக்கு அப்போது ரேஷன். சர்க்கார் சொன்ன நீளத்துக்கு மேல் படம் போகக் கூடாது. நாற்பத்திரண்டில் பதினான்கு பாட்டுத்தான் நிற்கும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். அவர் மெட்ராஸ்காரர், நிதானமான மனிதர். அஞ்சரைக்கட்டை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"இருபத்தெட்டு உசுருங்க!"

ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தவர், மந்திரியின் முகாரிக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குத்துப்பட்டவன் பாடுவானாய்யா?" என்றார் டைரக்டர்.

"பாடாம எப்புடிங்க சாவாரு? மந்திரிங்க அவரு. அநாதைப் பொணமா?"

"கேமரா முகத்துக்குக் கிட்டப் போய்ப் பார்க்கும். சாகிறவன் வாயைத் திறந்து ராகம் இழுத்தா ஜனங்க சிரிப்பாங்க."

"எங்க ஜனம் அழுவுதுங்களே?"

"நாடகத்துல அவன் அம்பதடி தள்ளி இருக்கான்."

"அப்போ கேமராவ அம்பதடி தள்ளி வைங்க."

இன்றைக்கு யோசித்தால், இரண்டு பேரும் சொன்னது சரிதான். ஆனால் கேமரா டைரக்டரிடம் இருந்தது. மாணிக்கம் கத்திக்குத்து வாங்கி, "ஐயோ மகாராஜா" என்று ஒரே வார்த்தை சொல்லி, அரை நிமிஷத்தில் சாய்ந்தார். அஞ்சரைக்கட்டை அன்று சாயங்காலமே ஆர்மோனியத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

படம் வந்தது. நாடகக் கம்பெனி கலைந்தது. நான் ஒரு டூரிங் டாக்கீஸில் மேனேஜராகச் சேர்ந்தேன். எங்கள் டெண்ட் மாரண்டஹள்ளியில் இருந்தபோது 'சங்குமாலை' படப் பெட்டி வந்து இறங்கியது. சொந்த ஊர்க்காரர் நடித்த படம் என்று முதல் ஆட்டத்துக்கே ஊர் திரண்டுவிட்டது. மாணிக்கம் ஆண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தார். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம், பெண்களோடு அவர் மனைவி. வீட்டு ஒத்திகையைத் தவிர, கணவர் நடித்து அந்த அம்மாள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாலக்கோட்டிலிருந்து அஞ்சரைக்கட்டையும் வந்திருந்தார், ஆர்மோனியத்தோடு.

எங்களிடம் ஒரே ஒரு புரொஜக்டர். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். மந்திரி குத்துப்பட்டுச் சாய்ந்த இடத்தில் சரியாக ரீல் முடிந்தது. விளக்கு எரிந்தது. ஒருவன் எழுந்து, "பாட்டு எங்கய்யா?" என்றான். இன்னொரு மூலையிலிருந்து "ஹாடு எல்லி?" என்று கன்னடத்தில் வந்தது. தெலுங்கிலும் வந்தது. மூன்று பாஷையிலும் ஒரே கேள்வி. திரையின் மேல் மணல் விழுந்தது. மூங்கில் கம்பம் ஆடியது.

தட்டி ஓரமாக வந்து மாணிக்கத்தின் மனைவி என்னைக் கேட்டார்: "ஏனுங்க, அவ்ளோதானா? வூட்டுல இத வுட ரொம்ப நேரம் சாவாருங்களே?"

மாணிக்கம் தலையைத் தூக்கவில்லை.

டாக்கீஸ் முதலாளி ஓடி வந்தார். "கொட்டாயப் பிச்சிருவாங்க, எதாச்சும் பண்ணுய்யா!"

நான் பண்ணுவதற்குள் அஞ்சரைக்கட்டை திரைக்கு அடியில் போய் உட்கார்ந்து ஆர்மோனியத்தைத் திறந்துவிட்டார். முகாரியின் முதல் வரியை வாசித்தார். மாணிக்கம் அசையவில்லை. மறுபடி வாசித்தார். கூட்டம் அடங்கியது. மூன்றாம் முறை, திரும்பிப் பார்க்காமலே, "மாணிக்கம், சுருதி காத்துக்கிட்டு இருக்குதுப்பா" என்றார்.

மாணிக்கம் எழுந்தார். வேஷமில்லை, கத்தியில்லை. தோளில் கிடந்த துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாடினார். முதல் வரியில் குரல் உடைந்தது. இரண்டாவது வரியில் நிமிர்ந்துவிட்டது. கால் மணி நேரம். முடிந்ததும் கொட்டகை முழுக்க 'ஒன்ஸ்மோர்'. எங்கள் ஆபரேட்டர் ஒழுங்கான ஆள். குத்துப்படாமல் சும்மா நிற்கிறவரை எப்படிச் சாகச் சொல்வது என்று, குத்தும் ரீலையே திரும்பச் சுற்றி ஓட்டினான். திரையில் மாணிக்கம் குத்துப்பட்டார், கீழே மாணிக்கம் பாடினார். மூன்று முறை நடந்தது. அவர் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வூட்டுல இவ்ளோ நல்லா பாடினதில்லீங்களே" என்று என்னிடமே புகார் செய்தார்.

மறுநாள் காலையில் முதலாளி மாட்டுவண்டியில் தமுக்கடிக்கச் சொன்னார்: மந்திரி நேரில் வந்து சாவார்! சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்தது. டெண்டைப் பாலக்கோட்டுக்கு மாற்றிய பிறகும் வந்தது. அங்கேதான் படக் கம்பெனியின் ஏஜெண்டும் வந்தார். படத்தில் இல்லாததைப் படத்தோடு காட்டக் கூடாது, மீறினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றார். முதலாளி கும்பிடு போட்டார். மாணிக்கம் ராகிக் காட்டைப் பார்க்க ஊருக்குப் போனார். ஆர்மோனியம் கொட்டகைக்குள் வரக் கூடாது என்று உத்தரவாயிற்று.

அஞ்சரைக்கட்டை சண்டை போடவில்லை. வெறுங்கையோடு வந்தார். தரை டிக்கெட் வாங்கினார். ஒவ்வொரு ஆட்டத்திலும் மந்திரி திரையில் சாய்கிற நேரத்துக்கு, இருட்டுக்குள் ஒரு கரகரத்த குரல் முகாரியின் முதல் வரியைப் பாடும். விளக்கு வருவதற்குள் நின்றுவிடும்.

"எவன்யா அது?" என்று முதலாளி தினமும் கேட்டார்.

சத்தம் போடுகிறவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது கொட்டகையில் என் வேலை. படம் ஊரை விட்டுப் போகும் வரைக்கும், "இருட்டுல ஆள் தெரியலீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.